யாருடைய திருவடி?

சமய நூல்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டோர்க்கு ஒரு குறையுண்டு. திருத்தலம் ஒன்றிற்குச் சென்றால் அவர்களுடைய கைகள் கும்பிடுமுன் கண்கள் கல்வெட்டைத் தேடும். எம்மிடத்தும் அக்குறை உண்டென்பதை அறிந்தே, சென்ற மாசி மாதத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டோம். எமது அயல்வீட்டு முதியவர் ஒருவரும் உடன் வந்தார்.

அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதை. பஸ்ஸினுள்ளே சினிமாப் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பாட்டொன்று முடியச் சிங்களப் பாட்டொன்று தொடங்கும். பின்னாசனத்து இளைஞர் இரண்டுக்கும் கைதட்டிப் பாடினர். "யாத்திரை போகும் வண்டியிலா இந்தக் கூத்து?" என்று முதியவர் முகஞ் சுளித்தார். அவர் சொல்வது சரியென்றே நாமும் எண்ணினோம்.

மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரை இம்மலையின் யாத்திரைக் காலம். அந்நாட்களில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை விளக்குகள் எரியும். இரவு பதினொரு மணிக்கு அண்ணாந்து நோக்கினோம். வானத்து விண்மீன்கள் எங்கே முடிகின்றன, மலைப்பாதை விளக்குகள் எங்கே தொடங்குகின்றன என்று பிரித்தறிய முடியவில்லை. உச்சியின் உயரம் ஏறக்குறைய 7,360 அடி. நல்லதண்ணிப் பாதையிலே படிகள் மட்டும் 5,000க்கு மேல்.

சீதகங்குல என்னும் குளிர்ந்த ஓடையிலே பௌத்த யாத்திரிகர் நீராடித் தூய உடை உடுத்தனர். சற்று மேலே, புத்தர்பிரான் தமது சீவர ஆடையைத் தைத்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஊசியும் நூலும் காணிக்கையாகக் கிடந்தன. கைக்குழந்தையோடு தாய்மார் ஏறினர்; தடியூன்றிய பாட்டிமாரும் ஏறினர். இறங்கி வருவோர், ஏறுவோர்க்கு அருள் கிட்டுக என்று பாடியே வாழ்த்தினர். முன்பின் அறியாதவர் வாயிலிருந்து வரும் அவ்வாழ்த்தைக் கேட்குந்தோறும் கால்வலி சிறிது குறைந்தது.

பாதி வழியில் தேநீர்க் கடையொன்றில் இளைப்பாறினோம். அப்பொழுது மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, மேலே இருப்பது உண்மையில் யாருடைய அடி?"

விடை சொல்லப் புகுந்தோம். பௌத்தர்க்கு அது புத்தர்பிரானின் ஸ்ரீபாதம். மலையைக் காப்பவர் சமன் தெய்வம். சைவர்க்குச் சிவபெருமானின் திருவடி. முஸ்லிம்களுக்கு, சுவர்க்கத்தினின்று இறங்கிய ஆதிபிதா ஆதம் கால்பதித்த இடம். கிறித்தவருள்ளும் சிலர் அதனைப் புனித தோமையாரோடு இணைத்துப் பேசியதுண்டு. நமது தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையோ, இரத்தினத் தீவின் சமந்த மலையுச்சியிலே புத்தரின் பாதச் சுவடு இருப்பதாகக் கூறுகின்றது. ஆகவே, தமிழ் ஏடு ஒருபுறமும் சிங்கள ஏடு மறுபுறமும் நின்று வழக்காடுகின்றன என்று எவரும் எண்ணவேண்டியதில்லை.

பின்பு 1344ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம். மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து கடல்வழியாகப் புத்தளம் வந்தடைந்தார். ஆங்கிருந்த தமிழ் மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீக மொழி அம்மன்னனுக்கு விளங்கிற்று. ஆதமின் அடியைத் தரிசிப்பதே தமது விருப்பம் என்றார் விருந்தினர். மன்னன் அவருக்குப் பல்லக்குக் கொடுத்தான்; ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்துள் பதின்மரையும் துணைக்கு அனுப்பினான்; உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்தான். வழியூர் மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தம் இல்லங்களிலேயே தங்கவைத்து உணவளித்ததையும் பதூதா எழுதிவைத்துள்ளார். அவருடன் நடந்த யோகிகள், "அது ஆதமின் அடியன்று" என்று வழியிலே வாதாடினரோ என்னவோ. வாதாடியிருப்பினும் அவரைப் பாதுகாப்பாகவே கொண்டு சேர்த்தனர்.

ஏட்டறிஞரைவிடக் கதைசொல்லிகளே இம்மலையை உலகெங்கும் பரப்பினர். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் மாலுமி சிந்துபாத், தனது ஆறாவது பிரயாணத்திலே செரண்டீபு தீவை அடைந்து ஆதமின் மலையைக் காண்கின்றான். 1956இல் இலங்கையிற் குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், 1979இல் வெளியிட்ட 'சுவர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் விஞ்ஞான நாவலில் இதே மலையை 'ஸ்ரீகந்த' என்று பெயர் மாற்றி, அதன் உச்சியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி அமைக்கும் கனவைப் புனைந்தார். பொழுதுபோக்குக்காக எழுந்த கதைகளும் ஏணியையும் வானத்தையும் நினைத்தே இம்மலையை நாடின.

"ஆனால் யாருடைய அடி என்று நீங்கள் சொல்லவில்லையே?" என்றாள் அப்பெண்.

விடை எம்மிடம் இல்லாமையால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

இறுதிப் படிகள் மிகச் செங்குத்தானவை. கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி முதியவர் மூச்சுவாங்கி நின்றுவிட்டார். அப்போது பின்னாலிருந்து இருவர் வந்து, ஒருவர் அவர் தோளைத் தாங்க, மற்றவர் அவர் பையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸிலே கைதட்டிப் பாடிய அதே இளைஞர்கள்! ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இருவரும் பட்டறையொன்றில் ஒன்றாக வேலைசெய்பவர்கள். "மெதுவாக வாருங்கள் அப்பா," என்றார் தமிழ் இளைஞர். மற்றவர் சிங்கள யாத்திரைப் பாட்டைப் பாட, ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு படியாக முதியவர் ஏறினார்.

உச்சியிலே, ஐந்தடிக்கு மேல் நீளமான அச்சுவட்டைத் துணி மூடியிருந்தது. மெய்யான சுவடு பாறைக்கு அடியில் மணிக்கல்லின்மேல் உள்ளதென்பது மரபு. ஆகவே நூல் கற்றோரும் கல்லாதோரும் அங்கே காணாத ஒன்றையே வணங்குகின்றனர். எத்தனை முறை ஏறினரோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம். மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை அடித்தனர். மேளவோசையோடு சூரியன் எழுந்தான். மலையின் நிழல் மேற்கே மூடுபனியின்மீது கூம்பு வடிவாய் விழுந்தது. "சாது, சாது" என்னும் ஒலியும் "அரோகரா" என்னும் ஒலியும் ஒருங்கெழுந்தன. அப்பொழுது நாம் கல்வெட்டைத் தேடவில்லை.

பெயரை நாட்டுவதற்காக மனிதர் மனிதரைத் துன்புறுத்திய ஆண்டுகளை இந்நாடு கண்டுவிட்டது. இம்மலைக்கும் ஒரே பெயர்தான் இருக்கவேண்டும் என்போர் இன்றும் உளர். ஆரியச்சக்கரவர்த்தி அந்நிய நாட்டவரின் நம்பிக்கையைத் திருத்தப் புகாமல் பல்லக்கைக் கொடுத்தான். அவன் தன் சமயத்தில் எள்ளளவும் குறைந்தவனல்லன். இறங்கும்போது அம்மாணவியிடம் இதனையே விடையாகக் கூறினோம். அவள் முழுதும் இணங்கினாளா என்பது தெரியவில்லை. மறுகேள்விகளோடு வருவாள் என்றே எதிர்பார்க்கின்றோம்.

நல்லதண்ணியில் மீண்டும் பஸ்ஸேறினோம். களைப்பினால் அனைவரும் மௌனமாயிருந்தனர். சிறிது தூரம் சென்றதும் முதியவர் பின்னாசனத்தை நோக்கித் திரும்பினார்.

"என்ன தம்பிமார், பாட்டு ஒன்றையுங் காணவில்லையே?"