நான் உரித்துப் பார்க்காத பீடிங்

பாலக்கோட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நான்கு பேர் கூடிய இடத்தில் கார் பேச்சு வந்தால் என் பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார். "அவர் பார்த்துக் கொடுத்த ஜப்பான் வண்டிங்க. அதனாலதான் நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்" என்பார். அந்தக் கும்பிடைப் பல வருஷம் வாங்கிக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியதல்ல. ஏன் என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தருமபுரியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பழைய கார் வாங்கி விற்றுக் கொடுக்கிறேன். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் என்னைத் தெரியும். "அவர் கை வைச்சுப் பார்த்தா போதும்" என்று சொல்லி வருவார்கள். கை வைத்துப் பார்ப்பது என்றால் சும்மா தட்டிப் பார்ப்பதல்ல. பானெட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தில் தகரம் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. கதவைத் திறந்தால் சுற்றிலும் கறுப்பு ரப்பர் பீடிங் ஓடும். அதை விரலால் இழுத்தால் சுலபமாகக் கழன்று வரும். உள்ளே இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில், கட்டை விரலால் அழுத்தி வைத்தது போல வட்ட வட்டமாகப் பள்ளங்கள், ஒரே அளவு இடைவெளியில் வரிசையாக இருக்கும். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங். ஒரு காரில் இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள் உண்டு. அந்த வட்டங்கள் காணாமல் போய் விளிம்பு மொழுமொழுவென்று இருந்தால், அந்தப் பில்லர் ஒரு விபத்தில் அடிவாங்கி, வெட்டி ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடிக்கப்பட்டது என்று அர்த்தம். பெயிண்டைப் பார்த்து ஏமாறலாம். பீடிங்குக்கு உள்ளே ஏமாற வழியில்லை.

நம் நாட்டில் செய்த ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்தேன். வாத்தியாருக்கு வாங்கிக் கொடுத்த வண்டிக்குச் செய்யவில்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் தொழிலுக்கு வந்த காலத்துக்குப் போக வேண்டும். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளியே வந்தபோது, ஆரம்ப கால வண்டிகள் ஜப்பானிலிருந்து சுஸுகி அனுப்பிய பாகங்களை இங்கே கோத்து உருவானவை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் எண்பத்துநாலு மாடல் வண்டி வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். "ஜப்பான் கிட்டுடா" என்பார். அம்பாஸடரின் கதவு ஒரு பக்கம் உரசி ஒரு பக்கம் விலகி நிற்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. அன்றைக்கு அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நான் அந்த நியாயத்தை அடுத்த இருபது வருஷத்துக்கும் நீட்டிக்கொண்டேன்.

அதை வியாபாரமாகவும் ஆக்கினேன். ஆர்.சி. புக்கில் பதினேழு எழுத்து சேஸிஸ் நம்பர் இருக்கும். முதல் எழுத்து 'ஜே' என்றால் ஜப்பான், 'டபிள்யூ' என்றால் ஜெர்மனி. எம்.ஏ. முதல் எம்.இ. வரை தொடங்கினால் இந்தியா. வாடிக்கையாளர் முன்னால் அந்த முதல் எழுத்தின் மேல் நகத்தை வைத்துக் காட்டுவேன். "கப்பல்ல வந்த வண்டி சார். நம்ம ஆளுங்க கை படலை" என்பேன். அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லும்போது உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன். அதனால் தப்பு குறைந்துவிடாது.

எங்கள் மாவட்டத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்கள் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமோ வேலைக்குப் போகாத தெரு கிடையாது. என் அக்கா மகனும் அப்படிப் போனவன்தான். ஒரு கார் தொழிற்சாலையில் பாடி ஷாப் வேலை. வெல்டிங் புள்ளிகளைச் சோதிப்பது அவன் பொறுப்பு. இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய உளியைச் செருகி, அடித்து, நெம்பிப் பார்ப்பார்களாம். விட்டுப்போகாமல் பிடித்திருந்தால் தகடைத் தட்டிச் சரிசெய்து அனுப்புவார்களாம். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முழு பாடியையே பிய்த்து, ஒவ்வொரு புள்ளியையும் கிழித்து அளப்பார்களாம். அவன் இதையெல்லாம் ஒரு பொங்கலுக்கு வந்தபோது கண்ணில் வெளிச்சத்தோடு சொன்னான். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். நான் சொன்னேன்: "நீங்க என்னதான் நெம்பினாலும் டின் டப்பா டின் டப்பாதான்டா." எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் வேலையைப் பற்றி அவன் பேசவே இல்லை.

2017இல் வாத்தியார் வந்தார். ஓய்வூதியப் பணம் கையில் இருந்தது. வீட்டம்மாவை வெளியே அழைத்துப்போக நல்ல கெட்டியான வண்டி வேண்டும் என்றார். அந்த நேரம் பெங்களூரிலிருந்து ஒரு வண்டி வந்திருந்தது. ஒன்பது வருஷப் பழசு, முழுசாக ஜப்பானில் செய்து இறக்குமதியானது. கதவை மூடினால் இரும்புப் பெட்டி மூடுவது போல 'தப்'பென்று ஒரு சத்தம். அதே விலைக்கு, சென்னைப் பக்கம் செய்து இரண்டே வருஷம் ஓடிய சின்ன வண்டியும் என்னிடம் இருந்தது, இரண்டு ஏர்பேக்கோடு. வாத்தியாருக்கு அதுதான் பிடித்திருந்தது. நான்தான் மாற்றினேன். 'ஜே' எழுத்தில் நகத்தை வைத்தேன். கதவை இரண்டு முறை மூடிக் காட்டினேன். பீடிங்கில் கை வைக்கவில்லை. ஜப்பான்காரன் வெல்டிங்கைச் சந்தேகப்படுவதா என்ற மரியாதை. அந்த வண்டி ஜப்பானை விட்டு வந்து ஒன்பது வருஷம் நம் ரோட்டில் ஓடியிருக்கிறது, இடையில் அதற்கு என்ன நடந்தது என்று அந்த எழுத்து சொல்லாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. இருபதாயிரம் கமிஷன் வாங்கினேன்.

2019 ஐப்பசி. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இடத்தைத் தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள் மேல் ஏறிய கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அன்றைக்கு லாரி பின்னாலிருந்து இடித்தது, பலமாகக்கூட இல்லை. வண்டி இடப்பக்கம் தள்ளப்பட்டு ஓரச் சுவரில் போய் மோதியது. வாத்தியாருக்குச் சிராய்ப்புதான். இடது முன்சீட்டில் இருந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது.

வண்டியை யார்டில் நிறுத்தியிருந்தார்கள். சர்வேயர் வருவதற்கு முன்னால் தனியாகப் போய்ப் பார்த்தேன். இடதுபக்க நடுப் பில்லர் உள்ளே மடிந்திருந்தது. தொங்கிக்கொண்டிருந்த பீடிங்கை இழுத்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. கீழே ஒரு சாணுக்கு கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் கனமாகப் பட்டி. கிழிந்தது சரியாக அந்த ஒட்டில்தான். பட்டி பிஸ்கட் போல உடைந்து சீட்டில் கிடந்தது. கெட்டி இரும்பாகச் செய்த பில்லரைச் சூடுபடுத்தி ஒட்டினால் சுற்றியுள்ள இரும்பு பலம் இழக்கும். டிங்கரிங் வேலை தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். ஒட்டுப்போடாத பில்லராக இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் ஒரு நிமிஷ வேலை. பீடிங்கை உரித்திருந்தால் அந்த வண்டியை நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற வண்டியா இருந்தா போய்ச் சேர்ந்திருப்போம்பா" என்று அழுதார். நான் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன். அந்த ஆட்டல்தான் இந்த வாக்குமூலத்தின் காரணம். பீடிங்கைப் பார்க்காதது அசட்டை. தலையை ஆட்டியது பொய்.

அதன் பிறகுதான் இருபது வருஷமாகப் பேசிய விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். குளோபல் என்கேப் என்ற சோதனை அமைப்பு 2014இல் இந்தியக் கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பூஜ்ஜியம், இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு நான்கு நட்சத்திரம். இரண்டும் புனே பக்கத்துச் சாக்கனில் செய்தவை, கம்பெனிதான் ஜெர்மன் கம்பெனி. நம் ஒரகடத்தையே பாருங்கள். 2010இலிருந்து சில வருஷம் ஐரோப்பாவில் விற்ற நிசான் மைக்ரா அங்கிருந்துதான் கப்பலேறியது. யூரோ என்கேப் சோதனையில் அதற்கு நான்கு நட்சத்திரம். அதே ஒரகடத்தில் நம் சந்தைக்கென்று நிசான் செய்த டாட்சன் கோ 2014 நவம்பரில் பூஜ்ஜியம் வாங்கியது, பாடியே நிலையற்றது என்ற குறிப்போடு. அதே ஊர், அதே நிறுவனம். வாங்குகிறவன் நாட்டுச் சட்டம் என்ன கேட்டது, எவ்வளவு விலைக்குள் செய்யச் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம். இங்கே டிரைவர் பக்க ஏர்பேக்கே 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய டாடா நெக்ஸானும் 'எம்' எழுத்து வண்டிதான்.

வெளிநாட்டுக் கதைகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில், வேலை சரியில்லை என்று பேர் வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்று 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டா கூட்டுச் சேர்ந்து திறந்தது. பெரும்பாலும் அதே பழைய தொழிலாளிகள். குறை கண்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்றார்கள். கொஞ்ச காலத்தில் ஜப்பானில் செய்ததற்கு இணையாக அங்கே கார் வந்தது. 1990இல் வெளியான எம்.ஐ.டி. ஆய்வில், அவர்கள் பார்த்த சாதாரண விலைக் கார் தொழிற்சாலைகளிலேயே குறை குறைவாகக் கோத்தது மெக்ஸிகோவின் எர்மோசில்லோவில் இருந்த ஃபோர்டு ஆலை. ஜப்பானின் சிறந்த ஆலைகளைவிடவும் மேல். கிண்டல் பண்ணுவதற்கென்றே சிலர் பேர் சொல்லும் நாடு மெக்ஸிகோ. நான் எங்கள் பையன்களைச் சொன்னது போல.

என் குறை காரைப் பற்றிய அறியாமை மட்டும் இல்லை. அறியாமை என்றால் படித்ததும் போயிருக்கும். வெல்டிங்கைச் சோதிக்கும் வேலையை ஒருவன் கண் முன்னால் விவரிக்கிறான், அவன் என் அக்கா மகன் என்பதாலேயே அது மட்டமான வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். பார்த்திராத ஊரில், பேர் தெரியாத ஒருவன் செய்ததால் மட்டுமே இன்னொரு வேலை உசத்தியாகத் தெரிந்தது. என் சொந்த ரத்தத்தின் மேல் எனக்கு இருந்த இளக்காரம் ஒரு மூதாட்டியின் இடுப்பில் போய் முடிந்தது.

அக்கா மகனிடம் போன வருஷம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மாமா" என்றான். விட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சித்திரையில் வாத்தியார் போன் செய்தார். மருமகனுக்கு ஒரு வண்டி வேண்டுமாம். "அதே மாதிரி ஜப்பான் வண்டியா பாருப்பா" என்றார். பாலக்கோட்டுக்கு நேரில் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, பீடிங், கேஸ் வெல்டிங், யார்டு, ஆஸ்பத்திரி என்று ஒன்று விடாமல் சொன்னேன். இருபதாயிரத்தை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வாத்தியார் ஒன்றும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் வாக்கரைப் பிடித்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"விக்கும்போது உனக்குத் தெரியாது, சரி," என்றார் அம்மா. "ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப தெரியுமா?"

"தெரியும்மா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா இவர் இத்தனை வருஷம் ஊரெல்லாம் போய்க் கும்பிட்டிருக்க மாட்டாரே."

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வாக்கரைத் திருப்பிக்கொண்டு மெதுவாக உள்ளே போனார். கவர் திண்ணையிலேயே இருந்தது.