பாளை சீவும் காலம்

திராட்சைத் தோட்டத்து அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பனையில் மாதக்கணக்காகக் காலையும் மாலையும் அறுவடைதான். அதைப் பார்க்கவென்று, சித்திரை வெயில் ஏறுமுன்னே, துன்னாலையிலிருந்து வல்லிபுரம் போகும் வழியில் ஒரு பனங்காணிக்குள் போயிருந்தேன்.

“வெள்ளென வந்திட்டியள் தம்பி” என்றார் சீவல் தொழிலாளி. அறுபதை நெருங்கிய மனிதர். காலில் தளநாரை மாட்டி, இடுப்புக் கூட்டில் பாளைக்கத்தியைச் செருகிக்கொண்டார். மரத்தை இரு கையாலும் அணைத்து உந்தி உந்தி ஏறினார். வட்டுக்குள் புகுந்த பிறகு ஆள் தெரியவில்லை, ஓலை அசைவது மட்டும் தெரிந்தது.

கள்ளு மரத்தில் தானாக வழிவதில்லை. பாளையை இறுக்கிக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, அது இளகிய பிறகே நுனியைச் சீவத் தொடங்குகிறார்கள். “தட்டுறதிலதான் எல்லாம் கிடக்கு. கூடத் தட்டினால் பாளை செத்துப்போம், குறைச்சுத் தட்டினால் ஊறாது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்” என்றார் இறங்கி வந்து. சீவலும் தாள் போல் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்துச் சீவினால் பருவம் முடியுமுன்னே பாளை முடிந்துபோகும். சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைபடும். அதனால் காய்ச்சலென்றாலும் கலியாண வீடென்றாலும் ஏறியே ஆகவேண்டும். ஒரு மரத்துக்கு இரண்டு தரம் என்றால், பத்து மரத்துக்கு ஒரு நாளில் இருபது தரம் ஏறி இறங்க வேண்டும். நான் பார்த்த தொழில்களில் இவ்வளவு நுட்பமும் இவ்வளவு ஆபத்தும் ஒரே கையில் சேர்ந்த தொழில் வேறில்லை.

முட்டியில் ஏற்கெனவே தங்கியிருக்கும் மதுவம் சொட்டுகிற சாற்றை மரத்திலேயே நொதிக்கவைத்துவிடுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது. அது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. ஓலையில் பிளா கோலி எனக்கும் வார்த்துத் தந்தார். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று முந்தாத அந்தச் சுவை காலைக்கு மட்டும் உரியது. மத்தியானத்துக்குள் புளிப்பு ஏறிவிடும். திராட்சை மதுவைப் போல ஆண்டுக்கணக்கில் வைத்து விலையேற்ற முடியாத சரக்கு இது. விற்கும் இடமும் விலையும் அன்றன்றே உறுதியாக இருந்தால்தான் சீவுகிறவருக்குப் பிழைப்பு.

அதற்கு வழி செய்ததுதான் 1972இல் வந்த மாற்றம். தவறணைக் குத்தகை முறை போய், மரவரியும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. மிஞ்சும் கள்ளை வடித்துச் சாராயமாக்கத் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. பிறகு போர். பனைகள் எறிகணையில் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்கென்று தறிக்கப்பட்டவையும் ஏராளம்.

ஆனாலும் மரம் இன்னும் நிற்கிறது, ஏறுகிற ஆள்தான் குறைகிறார். “பெடியனை ஏற விடமாட்டன். விழுந்தால் ஆர் பார்க்கிறது?” என்று அவர் கேட்டார். விழுவது மட்டுமல்ல காரணம். இவர்கள் இறக்கிய கள்ளைக் குடித்த ஊர், இவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அந்த அவமதிப்பின் நினைவு இருக்கும் வீட்டில் எந்தத் தகப்பன் மகனிடம் தளநாரைக் கொடுப்பான்?

பனையைக் காப்போம் என்று மேடைகளில் பேசுகிறோம், கன்றும் நடுகிறோம். நல்லதுதான். ஆனால் இன்று நட்ட வடலி பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். அதுவரை இந்தக் கைப்பழக்கம் உயிரோடிருக்க வேண்டுமானால், விழுந்தவருக்கு உரிய இழப்பீடும், ஏற முடியாத வயதில் ஓய்வூதியமும், பருவம் முழுவதும் நிலையான கொள்விலையும் வேண்டும். சங்கங்களும் சபையும் மாகாண நிர்வாகமும் இவற்றை முதல் வேலையாக எடுக்க வேண்டும்.