கொம்பை முதலில் அடிக்கும் கை

அச்சகங்களில் பக்கம் கட்டுபவர்களுக்குத் தமிழ் விசைப்பலகை மென்பொருள் எழுதித் தருகிறேன். ஒரு பதிப்பில் பழைய தட்டச்சு முறையைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் தமிழ்99 என்று வைத்தேன். 1999-இல் தமிழக அரசு தரமாக ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்றால் அ, ம, ம, ஆ. புள்ளி தானே விழும். 'பந்து'வில் ந-வுக்குப் பின் த அடித்தாலே போதும். இதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

வாடிக்கையாளர் கடையில் ஒரு அக்கா, தட்டச்சில் ஹையர் முடித்தவர். "தம்பி, என் கையைக் கழற்றி எடுத்துட்டுப் போயிட்டீங்களே" என்றார். புது மென்பொருளைத் தொடவே இல்லை. மூலையில் கிடந்த பழைய கணினியில் அடித்து, பென்டிரைவில் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்று பார்த்தேன். 'கோயில்' அடிக்க அவர் விரல் முதலில் இரட்டைக் கொம்புக்குப் போகிறது. அப்புறம் க, அப்புறம் கால். பார்வைக்கு இடமிருந்து வலம் எப்படியோ அப்படியே. யூனிகோடு க-வை முன்னால் வைத்து ஓகாரக் குறியைப் பின்னால் வைக்கும். ஆகவே மென்பொருள் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்து, மெய் வந்ததும் இடம் மாற்ற வேண்டும். அதோடு முடியாது. பேக்ஸ்பேஸ் அடித்தால் எது போக வேண்டும்? யூனிகோடில் ஓகாரம் முழுதாகப் போய் வெறும் க நிற்கும். பழைய எழுத்துருக்களில் பழகியவர் கடைசியாக அடித்த கால் மட்டும் போகும் என்று எதிர்பார்ப்பார். இந்தப் பகுதியைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்திருந்தது. பயனர் நன்மை என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி அந்த அலுப்புதான். ஒரு காலத்தில் விண்டோஸில் தமிழைச் சேர்த்தால் இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் முறை கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டதே என்று வருடக்கணக்கில் முனகிய நானே இதைச் செய்திருந்தேன்!

அடுத்த பதிப்பில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். நிறுவும்போதே எல்லா முறைகளையும் அடுக்கி 'தேர்ந்தெடுங்கள்' என்றேன். யாரும் படிக்கவில்லை. 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிவிட்டு, எழுத்து மாறி வருகிறது என்று எனக்குப் போன் போட்டார்கள். ஊரில் எல்லோரும் விசைப்பலகை வல்லுநராக வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

இப்போது புதிதாக நிறுவினால் கேள்வி கேட்காமல் தமிழ்99. ஏற்கெனவே வைத்திருப்பவர் புதுப் பதிப்புக்கு மாறினால் அவருடைய அமைப்புக் கோப்பில் ஒரு வரியைக்கூட மென்பொருள் தொடாது. தட்டச்சு முறையும் திரும்ப வந்துவிட்டது, கொம்பைப் பிடித்து வைக்கும் அந்தச் சள்ளை பிடித்த பகுதியோடு.

இந்தப் பதிப்பை நானே அக்காவின் கடைக்கு எடுத்துப்போய் நிறுவி, தட்டச்சு முறையில் வைத்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் 'கோ' அடித்தார். ஒரு பேக்ஸ்பேஸ். கால் மட்டும் போய் 'கே' நின்றது. பழைய கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்து, விட்ட பக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்.