அம்மச்சியின் குப்பாயத்துக்கு என்ன தேதி?

போன மாதம் மகள் பள்ளியிலிருந்து ஒரு வீட்டுப்பாடம் கொண்டுவந்தாள். குடும்பத்தில் யாராவது உடுத்திய ஓர் உடையைப் பற்றி எழுத வேண்டுமாம். அது எங்கே தோன்றியது, எந்தக் காலத்தது என்றும் சொல்ல வேண்டுமாம். வெளியே மைனஸ் 18. நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கோட்டு, ஸ்வெட்டர், மஃப்ளர் என்று ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருந்தேன். (டொராண்டோக்காரர்களுக்கு இந்த வெங்காயம் உரிக்கிற கதையை விளக்க வேண்டாம்.)

"அப்பா, நம்ம ஊர்ல கோட்டே கிடையாதா?"

"கோட்டா? அமரவிளையில சட்டையே வெள்ளைக்காரன் வந்து கொடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. நான் பி.காம். படித்தவன், இருபது வருஷமாக வங்கியில் இருக்கிறேன். தேதி இல்லாத வவுச்சரைப் பாஸ் பண்ணமாட்டேன். வீட்டுக் கதைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் எப்படி?

சனிக்கிழமை இருவரும் நூலகத்துக்குப் போனோம். கோட்டு என்று தேடியதில் முதலில் கிடைத்தது எகிப்து. அங்கே அந்தினோ என்று ஒரு பழைய ஊர், 130ல் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் உண்டாக்கியது. 1896 முதல் கயே என்ற பிரெஞ்சுக்காரர் அங்குள்ள கல்லறைகளைத் தோண்டினார். மணலில் கெடாமல் கிடந்த துணிகளில் சில குதிரைக்காரர் கோட்டுகள். முன்பக்கம் திறப்பு, குதிரையில் உட்கார வசதியாகக் கீழே விரியும் வெட்டு, விரல் நுனியையும் தாண்டித் தொங்கும் நீளக் கை. ரோமர்களின் அங்கி மாதிரி இல்லை, பாரசீகச் சாயல். 619 முதல் 629 வரை பாரசீகர்கள் எகிப்தைப் பிடித்து வைத்திருந்தார்கள் அல்லவா, அவர்கள் கொண்டுவந்ததுதான் என்று ஒரு கணக்கு இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நூலிழையை எடுத்துக் கார்பன் 14 பரிசோதனை செய்தார்கள். உயிரோடு இருக்கும்வரை உடம்பில் சேரும் கார்பன் 14, உயிர் போனபின் மெல்லக் குறைகிறது. 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால், அந்தக் கம்பளி ஆட்டின் மேல் எப்போது வளர்ந்தது என்று ஏறக்குறையத் தெரியும். ஒரே வருஷமாக வராது, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்றுதான் வரும். வந்த விடை 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை. சில கோட்டுகள் பாரசீகப் படை வருவதற்கு முன்பே நெய்யப்பட்டவை! படையெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் கோட்டு அதற்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொரு சங்கதியும் கிடைத்தது. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் ஹொனோரியஸ் என்ற ரோமப் பேரரசர், ரோம் நகருக்குள் யாரும் கால்சட்டை போடக்கூடாது என்று சட்டம் போட்டார். 416ல் தோல் உடுப்புக்கும் தடை. அதெல்லாம் காட்டுமிராண்டிகள் உடுத்துவதாம். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து "இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது" என்று சுற்றறிக்கை வந்தால் என்ன அர்த்தம்? பாதிக் கிளைகள் அதைச் செய்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். :-)

சரி, நம் ஊருக்கு வருவோம்.

தமிழில் கோட்டு எப்போது வந்தது? முல்லைப்பாட்டில் இருக்கிறது. அரசனின் பாசறையில் காவலுக்கு யவனர்கள் நிற்கிறார்கள், மெய்ப்பைக்குள் புகுந்தவர்களாக. மெய்க்கு ஒரு பை! சட்டைக்கு இதைவிட நல்ல பெயர் உண்டா? பக்கத்திலேயே மத்திகை, அதாவது குதிரைச் சவுக்கும் வருகிறது. அந்தினோக் கோட்டுகளுக்கும் முந்திய பாட்டு இது. அடுத்தது சீவக சிந்தாமணி. ஆயிரம் வருஷத்துக்கு மேலான அந்த நூலில் குப்பாயம் போட்ட மிலேச்சன் ஒருவன் வருகிறான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குப்பாயம் எங்கள் அம்மச்சி உடுத்தது அல்லவா! வெட்டும் தையலும் மாறியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்நியன் உடம்பில் பார்த்த உடுப்பின் பெயர் அம்மச்சியின் பெட்டிவரை வந்திருக்கிறது.

அப்படியானால் வெள்ளைக்காரன் கொடுத்தது? நெய்யாற்றின்கரைக்காரர்களும் குமரி மாவட்டத்துக்காரர்களும் தோள்சீலைக் கலகம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1810களில் கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்தபோது, கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று உத்தரவானது. எந்த மாதிரிக் குப்பாயம்? சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடுகிற மாதிரி. ஆக, சட்டை ஏற்கெனவே பக்கத்துத் தெருவில் இருந்தது. துணி பாலராமபுரத்துத் தறியில் இருந்தது. எங்கள் பெண்களுக்குத்தான் போட அனுமதி இல்லை.

அவர்கள் குப்பாயத்தோடு நிற்கவுமில்லை. மேல்சாதிப் பெண்களைப்போல மேலே சீலையும் போட்டார்கள். 1822ல் கல்குளம் பக்கம் தகராறு. சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரியில் மேல்சீலைக்குத் தடை என்று அரச விளம்பரம் வந்தது. (சுற்றறிக்கை!) 1858ல் மறுபடி அடிதடி, தீவைப்பு. சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்க, 1859 ஜூலை 26ல் உத்திரம் திருநாள் மகாராஜா மாரை மறைக்க அனுமதித்தார். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது. மிஷனரிகள் துணை நின்றதையும், அடி வாங்கியதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தடை போடுகிற அளவுக்கு உடுத்திக் காட்டியது யார்? அந்தப் பெண்கள்தானே?

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். நோட்டில் எழுதியதை அடித்தாள். "ஸாரிப்பா"கூடச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவன் நான்தான்.

அன்றிரவு ஊருக்குப் போன் செய்தேன். "அம்மா, அம்மச்சி குப்பாயம் இருக்கா?"

"இப்பம் எதுக்கு மக்களே அது?"

காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அம்மச்சியின் பாட்டிக்கு அம்மா சந்தைக்குப் போகும்போது, ஊர் எல்லைவரை குப்பாயம் போட்டுக்கொண்டு நடப்பாராம். சந்தை தெரிந்ததும் கழற்றி மடித்துக் கடவத்தில் கருப்பட்டிக்கு அடியில் வைப்பாராம். திரும்பும்போது அதே இடத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வாராம். ஒருநாள் கழற்றவில்லையாம். அன்றைக்குக் கருப்பட்டி விற்காமலே வீடு திரும்பினாராம், ஆனால் குப்பாயத்தோடு.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே மக்களே."

எதிரே மகள் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். காலம் என்ற கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. 1859 என்று போடலாமா என்று கேட்டாள். அது அனுமதி வந்த தேதி, போட்ட தேதி இல்லை என்றேன். "அப்போ 1859க்கு முன்" என்று எழுதிவிட்டாள்.

போனில் அம்மா இன்னும் இருந்தாள். "அம்மச்சிக்க குப்பாயம் பெட்டியிலதான் கெடக்கு. அடுத்த மாசம் நம்ம ஊர்ப் பையன் அங்க வாறான், குடுத்து விடுதேன். கக்கத்துல தையல் விட்டிருக்கு, தச்சு அனுப்பட்டா?"

"வேண்டாம்மா. அப்படியே அனுப்பு."