ஆட்டோகேட் சாவி எங்கே?

 

வழக்கமா உழவாரப் பணி, அன்னதானம்னுதான் எழுதுவோம். இன்னிக்கு ஆட்டோகேட்டைப் பத்தி. சிரிக்காதீங்க. திருவிழா சமயத்துல நம்மில் பாதிப் பேர் விடியறதுக்கு முன்னாடியே கோயிலுக்கு வந்துடறோம். வீட்டுல வயசானவங்க தனியா இருக்காங்க, கேட்டு சாத்தியிருக்கு. அதனால இதுவும் நம்ம விஷயம்தான்.

தோட்டத்து லயத்துல இருந்தப்ப எங்க வரிசையில யார் வீட்டுக்கும் கேட்டு கிடையாது. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம்னு தாமான் வீடுகளுக்கு வந்த பிறகுதான் வேலி, கிரில், அதுக்கு மேல ஆட்டோகேட். ஆனா கதவு தானா திறக்கணும்கிற ஆசை ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டுல அலெக்சாண்ட்ரியாவுல வாழ்ந்த ஹீரோன் என்பவர் கோயில் கதவுக்கே ஒரு கருவி எழுதி வச்சிருக்கார். பலிபீடத்துல தீ மூட்டினா கீழே காற்று சூடாகி விரிஞ்சு தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் வாளியில நிறைஞ்சு, அந்தக் கனம் கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்கும். தீ அணைஞ்சா கதவு சாத்திக்கும். அவருக்குக் கரண்டு தேவைப்படல. நமக்குத் தேவை, சிக்கலும் அங்கதான்.

எங்க வீட்டுல அத்தைக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். காலை 5.30க்கு வேன் வந்துடும். ராத்திரி முழுக்க இடி மின்னலோட மழை பெஞ்ச ஒரு நாள், வேன் வாசல்ல நிக்குது, கேட்டு பாதி திறந்து நின்னுடுச்சு. சக்கர நாற்காலி போக இடம் பத்தாது. மோட்டாரை விடுவிக்கிற சாவி கிரில் பக்கத்து ஆணியில தொங்கினதால, ரெண்டு கையையும் கழட்டிக் கேட்டைத் தள்ளி அத்தையை அனுப்பிட்டோம். அஞ்சு நிமிஷம்தான். சாவி இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு அன்னிக்குப் பூரா மனசு அடிச்சுக்கிச்சு.

ஃபோன்ல ஒரு ரிப்பேர்காரர், "போர்டு போச்சு, செட்டோட மாத்திடுங்க"ன்னார். கேட்டைப் பாக்கவே இல்ல! ஃபேக்டரியில மெஷின் நின்னா நாங்க அப்படி விடமாட்டோம், ஒண்ணு ஒண்ணா விலக்கிப் பாப்போம். அதையே வீட்டுலயும் செஞ்சோம்.

முதல்ல ரிமோட். சின்ன விளக்கு எரியுது. வீட்டுக்குள்ள இருக்கிற பட்டனை அழுத்தினாலும் கேட்டு அதே மாதிரி பாதியில நிக்குது, அப்போ ரிமோட் மேல குத்தம் இல்ல. அடுத்து கேட்டு. சாவியால மோட்டாரை விடுவிச்சு கையால தள்ளினா ஒத்தை விரல்ல போகுது, கீல்ல பிடிப்பு இல்ல. (கேட்டே கனமா உரசுச்சுன்னா மோட்டாரைத் திட்டறதுல அர்த்தம் இல்ல. முதல்ல கீலுக்கு எண்ணெய் விடுங்க.)

அப்புறம் சுவரில் இருக்கிற கண்ட்ரோல் பெட்டி. இங்க ஜாக்கிரதை, உள்ளே 230 வோல்ட் வருது. மெயின் சுவிட்சை அணைச்ச பிறகுதான் மூடியைத் திறக்கணும். திறந்தா எறும்புக் கூடு! வயர் நுழையற ஓட்டை வழியா வந்து, போர்டு மேல முட்டையோட குடித்தனம். சில வீட்டுல பல்லி கருகிக் கிடக்கும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டிச் சுத்தம் பண்ணி ஓட்டையை அடைச்சோம். பூச்சி மருந்து அடிக்காதீங்க, போர்டு கெட்டுடும். ஆனா கேட்டு இன்னும் பாதியிலதான் நின்னுச்சு.

கடைசியா பாட்டரி. எங்க பெட்டியில இருக்கிறது 12 வோல்ட். மீட்டர் வச்சா 12.6 காட்டுது. நிறைய பேர் இதோட "பாட்டரி நல்லாருக்கு"ன்னு மூடிடுவாங்க. சும்மா இருக்கும்போது காட்டற கணக்கை நம்பக்கூடாது. உள்ளே ஒருத்தர் பட்டனை அழுத்த, வெளியே ஒருத்தர் மீட்டரைப் பாத்தா, மோட்டார் இழுத்த உடனே 8க்கு விழுந்துடுச்சு. எங்க போர்டுல டிரான்ஸ்ஃபார்மர் சின்னது. கேட்டு கிளம்பற நேரத்து இழுப்பைப் பாட்டரிதான் தாங்கணும். அது செத்தா கரண்டு இருந்தும் கேட்டு பாதியில நிக்கும். புது பாட்டரி 80 வெள்ளிக்குள்ள. அன்னியிலிருந்து கேட்டு ஒழுங்கா ஓடுது.

2017 அக்டோபர்ல அமெரிக்காவுல, வட கலிபோர்னியாவுல பெரிய காட்டுத்தீ. கரண்டு போயிடுச்சு, கராஜ் கதவு திறக்கல. காரை வெளியே எடுக்க முடியாம மாட்டிக்கிட்டவங்கள்ல உயிர் விட்டவங்களும் உண்டு. அதுக்கப்புறம் 2018ல சட்டம் போட்டாங்க. 2019 ஜூலை 1 முதல் அங்க வீடுகளுக்கு விக்கிற, பொருத்தற கராஜ் கதவு மோட்டார்ல பாட்டரி இருந்தே ஆகணும். நம்ம ஆட்டோகேட் பலதுல பாட்டரி ஏற்கெனவே இருக்கு. ஆனா செத்த பாட்டரியும் பெட்டிக்குள்ள உக்காந்துதான் இருக்கும். நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு வருஷம் தாங்கினாலே பெரிசு.

இதைக் கேட்டு நம்ம குழுவுல சில வீடுகளைப் போய்ப் பாத்தோம். பாட்டரியை விட சாவிதான் எங்களுக்குக் கவலையா போச்சு. ஒரு வீட்டுல சாவி எங்கன்னே தெரியல. இன்னொரு வீட்டுல சாவி இருக்கு, துளை துருப்பிடிச்சு ஆம்பளைக் கைக்கே திரும்பல, பாட்டிக்கு எப்படித் திரும்பும்? கை மோட்டாரோ கேட்டுக்கு உள்பக்கம். வெளியே இருந்து ஓடிவர்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டாது. உள்ளே இருக்கிறவங்களே திறக்கணும். எண்ணெய் விட்டு, சாவியை கிரில் சாவியோட ஒரே வளையத்துல கோத்து, பாட்டி கையாலயே மூணு தடவை திறக்க வச்சுட்டு வந்தோம். மூணாவது தடவை அவங்களே, "இவ்வளவுதானாப்பா?"ன்னு கேட்டாங்க.

நீங்களே சோதிக்கணும்னா, ஆட்டோகேட்டுக்குப் போற சுவிட்சை அணைச்சுட்டு ரிமோட்டை அழுத்துங்க. ரெண்டு மூணு தடவை முழுசாத் திறந்து மூடினா பாட்டரி உயிரோட இருக்கு. அசையலைன்னா, இல்ல ஆமை மாதிரி நகர்ந்தா, மாத்துங்க. இதை இடைப்பருவ இடிமழை வர்றதுக்கு முன்னாடி, ஏப்ரலுக்கு ஒரு தடவை செப்டம்பருக்கு ஒரு தடவை, செஞ்சு பாருங்க.

ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணி முடிஞ்சு பசியாறினதும் மீட்டரும் எண்ணெயும் எடுத்துக்கிட்டுக் கிளம்பறோம். பெரியவங்க தனியா இருக்கிற வீடுகளுக்கு முதல் இடம். தாமான் பேரை மட்டும் உள்பெட்டியில போடுங்க, வீட்டு நம்பரை இங்க எழுத வேண்டாம். காசு எதுவும் வேணாம், பாட்டரி மட்டும் நீங்க வாங்கி வச்சிருங்க.