எங்கள் வீட்டுப் பெரியவர்

எங்கள் வீட்டில் 'பெரியவர்' என்றால் என் அப்பா அல்ல. அவர் வெறும் தாத்தா. வாசலில் நிற்கிற குவாலிஸ்தான் பெரியவர். 2003-ல் வாங்கியது. 2000-ல் இந்தியாவுக்கு வந்து, 2005-ல் இன்னோவாவுக்கு இடம் விட்டு ஒதுங்கிய பரம்பரை. மீட்டர் 4,12,000 காட்டுகிறது. நிலாவுக்கு 3,84,000 கிலோமீட்டர்தானாம், மகள் சொன்னாள். ஆக, நிலாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

"வழியில நின்னா யாரு தள்றது?" என்பாள் மனைவி.

"மாத்திடலாமே" என்று அவள் ஆரம்பித்தாலே நான் நீல அட்டை நோட்டை எடுத்துவிடுவேன். போன வருஷம் கிளட்ச், ரேடியேட்டர், நாலு டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். புது வண்டிக்கு 12 லட்சம் கடன், ஒன்பதரை வட்டி, அறுபது தவணை என்றால் மாசம் 25,200. வருஷத்துக்கு மூணு லட்சம்! "கிழவருக்கு வைத்தியம் மலிவா, மாப்பிள்ளைக்குச் சீர் மலிவா?" என்று ஜெயித்துவிட்டுக் காபி கேட்பேன். வரும். சர்க்கரைதான் இருக்காது.

ஆர்.சி. புதுப்பிக்க 2018-ல் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கிவிட்டார்கள். 2023-ல் கட்டினேன். அதையும் ஐந்தால் வகுத்து எழுதி மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போன மாசம் மெக்கானிக் பெரியவரைக் குழிமேல் நிறுத்தி, என்னையும் கீழே இறங்கச் சொன்னார். ஸ்பேனரால் சேஸிஸைத் தட்டினார். 'ணங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்றது.

"எஞ்சின் இன்னும் ஒரு லட்சம் ஓடும் சார். டைமிங் பெல்ட்டை மட்டும் நேரத்துக்கு மாத்தணும். இது துரு. வெல்டிங் வைக்கலாம், வச்சா எனக்குக் காசு. ஆனா..."

"ஆனா?"

"பாப்பா ஓட்டப் பழகுதுன்னீங்களே."

பேசாமல் மேலே ஏறி வந்தேன். நோட்டில் எல்லாவற்றுக்கும் பத்தி போட்டிருந்தேன். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது? 2003-ல் அதெல்லாம் யார் கேட்டார்கள்? சீட் பெல்ட்டையே போலீஸைப் பார்த்தால்தான் இழுத்துப் போடுவோம். ஏ.பி.எஸ்.ஸும் டிரைவர் பக்க ஏர்பேக்கும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானதே 2019-ல்தான்.

அன்று ராத்திரி நானே கேட்டேன்: "மாத்திடலாமா?"

அவள் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பென்சிலில் எழுதியிருந்தது: '2020 மாடல், செகண்ட் ஹேண்ட், ஏர்பேக் ரெண்டு. ஏழு லட்சம். என் வளையல் போக மீதி கடன்.' மேலே தேதி. மகள் எல்.எல்.ஆர். வாங்கிய நாள்.

தினமும் புரட்டுகிற நோட்டு. கடைசிப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "அப்போ இனிமே நான்தானே பெரியவர்?"