மலேயாக்காரர்

கல்லூரி நாட்களில் நாஜி வதைமுகாம் நாவல்களாகத் தேடித் தேடி வாசித்தேன். பலவற்றில் ஒரே வார்ப்பு. பாட்டி இறந்தபின் பேத்தி பரணில் ஒரு பெட்டியைத் திறப்பாள். உள்ளே வேறு பெயரில் ஓர் அடையாள அட்டை இருக்கும். குடும்பம் மூடிவைத்ததெல்லாம் வெளியே வரும். பெருமுக்கல் மலையடிவாரத்தில் எங்கள் ஆயா வீட்டில் பரணே கிடையாது.

ஒரு வசவு இருந்தது. வீட்டில் எந்த ஆம்பளை பொறுப்பில்லாமல் திரிந்தாலும் "மலேயாக்காரன் ரத்தம்" என்பார்கள். மலேயாக்காரர் ஆயாவின் அப்பா. 1937இல், ஆயா கைக்குழந்தையாக இருந்தபோது, நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். கொஞ்ச காலம் பணம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்பது ஊரறிந்த கதை. அவர் மனைவி, உப்புக் காலத்தில் மரக்காணம் அளத்திலேயே தங்கி, உப்பு சுமந்து பிள்ளையை வளர்த்தாள். சாகும்வரை கழுத்தில் தாலி இருந்தது.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வாசித்தபோதுதான் அந்த வருடங்கள் உறுத்தின. ஜப்பான் மலேயாவில் இறங்கியது 1941 டிசம்பரில். மறுவருடமே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆரம்பித்தார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பலமடங்கு. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகை. காலரா, மலேரியா, பட்டினி, அடி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. இறந்த கைதிகள் 12,000க்கும் அதிகம். காஞ்சனபுரி கல்லறையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. பல பத்தாயிரம் தொழிலாளர்களுக்குத் தனிக்கல் இல்லை, பெயரும் இல்லை. உலகம் ஞாபகம் வைத்திருப்பது 1957இல் வந்த ஒரு சினிமாவில் விசிலடித்தபடி நடக்கும் சிப்பாய்களைத்தான்.

ஒரு மத்தியானம் ஆயா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. கேட்டேன்.

"ஆயா, உங்கப்பாவ ஜப்பான்காரன் புடிச்சிகினு போயிருந்தா?"

கை நிற்கவில்லை. "தெரியும்டா."

சண்டை ஓய்ந்து ஒரு வருஷம் கழித்து, தோட்டத்தில் கூட இருந்தவர் ஒருத்தர் ஊர் திரும்பினாராம். வாசலில் நின்றபடியே சொன்னாராம்: லாரியில் ஏற்றிப் போனார்கள், வாந்திபேதியில் போய்விட்டார்.

"எங்கம்மா அழல. அந்தாளு கையப் புடிச்சிகினு, 'அண்ணா, வேற ஒருத்தியோட இருக்காருன்னு ஊர்ல சொல்லிடு'ன்னு கேட்டுது. என்னையும் சத்தியம் பண்ண வெச்சிது."

"ஏன் ஆயா?"

"பொணத்தக் கண்ணால பாக்கல. எதுக்குன்னு தாலியறுக்கறது? இருவத்தேழு வயசு. அறுத்துட்டுப் போயி அளத்துல தனியாத் தங்க முடியுமா? புருஷன் எங்கியோ உசுரோட இருக்கான்னா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

"நீயும் அவரத் திட்டுவியே?"

"நான் திட்டலன்னா ஊரு நம்புமா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. பணம் நின்ற பிறகும் அந்த மனுஷன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கெட்ட பெயராக. அந்த நாவல்களில் ஆட்கள் உயிர் தப்ப வேறு பெயரில் ஒளிந்தார்கள். இங்கே ஒருத்தி, செத்துப்போன புருஷனின் பெயரைக் கெடுத்து அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அது சரியா தப்பா என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. அந்த உப்புக் காசில் வளர்ந்த பெண்ணின் பேரன் நான்.

அவர் பெயரைக் கேட்டேன். சொன்னது. "நான் போனப்புறம் சொல்லிக்கோ."

போன வருஷம் ஆயா போய்விட்டது. மரக்காணம் கடற்கரையில் கருமாதி. பிண்டம் வைக்கும்போது பெயர் கேட்டார்கள். மாமா ஆயாவின் பெயரைச் சொன்னார். அடுத்து நான் இன்னொரு பெயர் சொன்னேன். மாமா திரும்பிப் பார்த்தார்.

"யாருடா அது?"

"உங்க தாத்தா. மொதல்ல வைங்க மாமா, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

வைத்தார்.